கட்டடக்கலைஞராக வர விருப்பமா? வன்னிப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

மாங்குளத்தில் ஒரு மேசனின் மகளாகப் பிறந்து மொறட்டுவையில் கட்டடக்கலை படித்தேன். இப்போது வவுனியாவில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருக்கிறேன். கிழமையில் ஒரு நாள் படிப்பிக்கவும் போகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கப் பாடசாலைகளில் உயர்தரப் பிள்ளைகளோடு பேசப் போனால், எங்கும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று நினைத்தேன்.

இஞ்சினியர் இருக்கிறார், பிளான் கீற ஆள் இருக்கிறது. பிறகு கட்டடக்கலைஞர் எதற்கு?

கட்டடம் விழாமல் நிற்க வழி சொல்பவர் இஞ்சினியர். முடிவானதை அளவு பிசகாமல் கீறித் தருபவர் படவரைஞர். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த வீட்டுக்குள் யார் வாழப்போகிறார்கள், எங்கே சமைப்பார்கள், பின்னேர வெயில் எந்தச் சுவரில் விழும், கச்சான் காற்று எந்தப் பக்கத்தால் வரும், மகள் கலியாணம் முடித்தால் அடுத்த அறையை எங்கே இறக்கலாம் என்று யோசிப்பது. கட்டடக்கலைஞரின் வேலை அதுதான்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மீள்குடியேறிய பிறகு கட்டிய கல்வீடு. சுவரில் வெடிப்பு இல்லை, கூரை ஒழுக்கு இல்லை. ஆனால் குசினிக்குள் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. சமையல் வெளியே, கிடுகு வேய்ந்த கொட்டிலில். "உள்ளுக்கு விறகு வைச்சால் புகை போக வழியில்லைப் பிள்ளை, கண் எரியுது" என்றார் அந்த அம்மா. மத்தியானம் வீட்டில் ஒருவரும் இல்லை. பாயை விரித்துக்கொண்டு எல்லோரும் வேப்பமரத்துக்குக் கீழே. அந்த வீட்டின் கணக்கு முழுவதும் சரி. அவர் விறகில் சமைப்பவர் என்பது மட்டும் எந்தப் பிளானிலும் ஏறவில்லை.

எங்கே படிக்கலாம்? கணிதப் பிரிவு எடுத்தால்தானா?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகப் போவதென்றால் மொறட்டுவைதான். 1961இல் கட்டுபெத்தையில் தொடங்கிய படிப்பு அது. இப்போது 5 வருடப் பட்டம். உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சை ஒன்றும் உண்டு; அதில் சித்தியடைய வேண்டும். கணிதப் பிரிவுப் பிள்ளைகள்தான் கூடுதலாகப் போகிறார்கள், ஆனால் மற்றப் பிரிவுகளில் படித்தவர்களுக்கும் கதவு பூட்டியில்லை. பாடச் சேர்க்கை வருடத்துக்கு வருடம் மாறக்கூடும். ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலை நீங்களே வாசியுங்கள், ரியூசன் வாசலில் கேட்டதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

வேலை செய்துகொண்டே படிக்க விரும்பினால் கொழும்பில் சிற்றி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சர் இருக்கிறது. இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் பரீட்சைகளை அங்கே பகுதி பகுதியாக எழுதலாம். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்த நிறுவகம்தான் இந்தத் தொழிலுக்குப் பொறுப்பு. எங்கே படித்தாலும் பட்டத்தோடு கதை முடியாது. அனுபவமுள்ள ஒருவருக்குக் கீழே பயிற்சி பெற்று, தொழில்முறைப் பரீட்சையும் எழுதிப் பதிந்த பிறகுதான் 'பட்டயக் கட்டடக்கலைஞர்' என்று கையெழுத்து வைக்கலாம்.

வன்னியில்? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இரண்டிலும் கட்டடக்கலைத் துறை இல்லை. இவ்வளவு வீடு கட்டிய மண்ணில் இது பெரிய குறை என்று போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

எனக்குப் படம் கீற வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. கை பழகப் பழக வரும். எங்கள் பக்கப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்த் திணறுவது வேறு இடத்தில். தான் கீறியதை ஆங்கிலத்தில் எழும்பி நின்று விளக்க வேண்டும். அதற்கு இப்போதிருந்தே வாயைத் திறந்து பேசிப் பழகுங்கள்.

எத்தனை வயதில் பெயர் எடுக்கலாம்? மகன் டொக்டர் ஆனால் 30 வயதில் நிலைத்துவிடுவானே?

ஒரு அப்பா கேட்டது இது. நியாயமான கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். இது தாமதமாகக் காய்க்கிற மரம்.

இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவை எல்லோருக்கும் தெரியும். 1919இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், பிறகு சட்டம். பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கைத் தோட்டத்தை வாங்கித் திருத்தத் தொடங்கிய பிறகுதான் தனக்குப் பிடித்தது எது என்று கண்டார். லண்டனில் படித்துக் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல், 38 வயதில். கோட்டேயில் அவர் கீறிய பாராளுமன்றம் திறந்தது 1982இல். அவருடைய இன்னொரு கட்டடமான, தம்புள்ளைக்குப் பக்கத்துக் கண்டலம ஹோட்டல் முடியும்போது அவருக்கு வயது 75 அளவில்.

லூயி கான் என்று அமெரிக்காவில் ஒருவர். 1901இல் எஸ்தோனியாவில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா போனவர். 1947இல் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கத் தொடங்கினார். அவர் பெயரை உலகம் முதலில் கவனித்தது யேலின் கலைக்கூடக் கட்டடத்தால், அது முடிந்தது 1953இல். அதாவது 50 வயது தாண்டி. பிறகு 1957 முதல் பென்சில்வேனியாவில் பேராசிரியர். அகமதாபாத்தில் வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் 1974இல் நியூயோர்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய டாக்கா பாராளுமன்றக் கட்டடம் 1982இல்தான் நிறைவுற்றது.

ஆகவே 30 வயதில் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். அந்த வயதில் ஒரு வீட்டை ஒழுங்காக முடித்துத் திறப்பைக் கையில் கொடுத்திருந்தால் போதும். நான் கீறிய முதல் வீட்டின் மேற்குப்பக்க யன்னலுக்கு மேலே தாழ்வாரத்தைக் கட்டையாக விட்டுவிட்டேன். மாரிமழை அடித்து உள்ளே தண்ணீர். வாடை தொடங்கினால் இன்றைக்கும் அந்த வீடுதான் நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு நான் கீறிய எந்தத் தாழ்வாரமும் மூன்றடிக்குக் குறையவில்லை.

பெரிய பெயர் எடுத்தவர்களில் எங்கள் ஆட்கள் யாரும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் உங்களுக்குத் தெரியும். 1959இல் திறந்த அந்தக் கட்டடத்தைத் திராவிடப் பாணியில் வடிவமைத்தவர் சென்னையிலிருந்து வந்த நரசிம்மன். 1981இல் எரிக்கப்பட்ட பிறகு அதை மீளக் கட்டும் வேலைக்கு வடிவம் கொடுத்தவர் எங்கள் கட்டடக்கலைஞர் வீ. எஸ். துரைராஜா. எரிந்த சுவருக்கு முன்னால் நின்று மறுபடி அளவெடுப்பதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று வன்னியில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பாவாவின் அலுவலகத்தில் அவரோடு பங்காளராக நீண்டகாலம் இருந்த இஞ்சினியர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர். அந்த மெல்லிய தூண்களும் அகன்ற கூரைகளும் நின்றதில் அவருடைய கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டடத்தைப் பார்த்துக் கட்டடக்கலைஞரைப் புகழும்போது இப்படி ஒருவர் பின்னால் இருப்பதை நினையுங்கள்.

அஞ்சலேந்திரனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. 1951இல் பிறந்தவர், மொறட்டுவையிலும் லண்டனிலும் படித்தவர், பாவாவோடு வேலை செய்தவர். பெரிய அலுவலகம் எதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டு விறாந்தையிலேயே, விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவ உதவியாளர்களோடு வேலை. அங்கே கீறப்பட்டவைதான் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமங்கள். பெரிய சுவரும் பெரிய கேற்றும் இல்லாமல், முற்றமும் மரநிழலும் விறாந்தையுமாகப் பிள்ளைகளுக்கு வீடு. அந்த விறாந்தைக்கு உதவிக்குப் போன மாணவர்கள் படிப்பு முடிந்து வெளியே வரும்போது கட்டடம் கட்டவும் தெரிந்தவர்களாக வந்தார்கள்.

கட்டத் தெரியாதவர்கள்தான் படிப்பிக்கப் போகிறார்கள் என்று சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். எங்கள் தொழிலில் அது பிழை. இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

கட்டடக்கலையை விரிவுரை கேட்டுப் படிக்க முடியாது. ஸ்டூடியோ என்று ஒரு மண்டபம் இருக்கும். ஆளுக்கொரு மேசை. நீங்கள் கீறுவீர்கள், ஆசிரியர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து உங்கள் தாளுக்கு மேலே மெல்லிய தாளை வைத்துத் தானும் கீறுவார். தவணை முடிவில் படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு நான்கைந்து பேருக்கு முன்னால் நின்று விளக்க வேண்டும். அதை ஜூரி என்போம். என்னுடைய இரண்டாம் வருட ஜூரிக்கு ஒரு கிராமத்து வாசிகசாலை கீறியிருந்தேன். மேற்கே பார்த்த பெரிய கண்ணாடிச் சுவர், படத்தில் அவ்வளவு வடிவு. வெளியிலிருந்து வந்த ஒரு வயதான கட்டடக்கலைஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்கட ஊரில ஆவணி மாதம் மூன்று மணிக்கு எங்க இருப்பீங்கள்?" நான் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த நேரம் அம்மம்மா கிழக்குத் திண்ணையில் இருந்து பாக்கு வெட்டுவார். எனக்குத் தெரிந்ததை நானே தாளில் ஏற்றவில்லை. பத்து வருடம் வெயிலில் நின்று கட்டிய ஒருவரால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

பாலகிருஷ்ண தோஷியைப் பாருங்கள். 1927இல் பூனாவில் பிறந்தவர். பாரிஸ் போய் உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கோர்பூசியேயின் அலுவலகத்தில் முதல் எட்டு மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்தார். 1956இல் அகமதாபாத்தில் சொந்த அலுவலகம். 1962இல் அதே ஊரில் கட்டடக்கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார், பள்ளிக் கட்டடத்தையும் அவரே கீறினார். லூயி கானை அகமதாபாத்துக்குக் கூட்டி வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2018இல் கட்டடக்கலையின் உலகப் பெரும் பரிசான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது வயது 90. இந்தியருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. அலுவலகத்தில் சந்தித்த சிக்கலைப் பள்ளிக்கு எடுத்துப் போவார். பள்ளியில் பிள்ளைகள் கேட்ட கேள்வியோடு அலுவலகத்துக்குத் திரும்புவார். ஒன்றை விட்டால் மற்றது வற்றிவிடும்.

முழுநேர விரிவுரையாளராவதற்கு நல்ல வகுப்புச் சித்தியும், மேலே போக ஆராய்ச்சிப் பட்டமும் வேண்டும். எங்களைப் போலத் தொழில் செய்பவர்கள் வருகை விரிவுரையாளராகப் போகலாம். கொடுப்பனவு பெரிதில்லை. ஆனால் நான் ஒரு செவ்வாய்க்கிழமையையும் விட்டதில்லை.

பெண்பிள்ளை சைட்டில் நின்று வேலை வாங்க முடியுமா?

முடியும். இலங்கையில் இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரே பெண்தான். கண்டியில் 1918இல் பிறந்த மினற் டி சில்வா. பம்பாயிலும் லண்டனிலும் படித்து, 1948இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர்களின் றோயல் நிறுவகத்தில் துணை அங்கத்தவராகத் தெரிவான முதல் ஆசியப் பெண். கண்டியில் கருணாரத்ன வீட்டைக் கட்டும்போது தும்பறைப் பாய் பின்னுபவர்களின் கைவேலையைக் கதவுக்குள் கொண்டுவந்தார். 1950களின் பிற்பகுதியில் வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் கீறியபோது, குடிவரப்போகிற குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டார். 1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு படிப்பித்தார். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் தங்கப் பதக்கம் கொடுத்தது 1996இல், இறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால். அவ்வளவு தாமதித்தது எனக்கு இன்னும் மனவருத்தம்.

என் அனுபவம் கேட்டால், முதல் சைட்டில் மேசன் பாஸ் என் முகத்தைப் பார்க்காமல் கூட வந்த தம்பியிடம்தான் பேசினார். நான் தூக்குக்குண்டை வாங்கிச் சுவரில் பிடித்தேன். அரை அங்குலம் சாய்வு. ஐயாவோடு சின்ன வயதில் போய்ப் பழகிய கை. அடுத்த நாளிலிருந்து "பிள்ளை, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று அவரே கூப்பிட்டார்.

வன்னியில் வீட்டுத்திட்டங்கள் முடிந்துவிட்டன. இனிக் கட்டடக்கலைஞருக்கு என்ன வேலை?

உண்மையான வேலை இனித்தான் இருக்கிறது. இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்குக்கும் மலையகத்துக்குமாக 50,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2012இல் தொடங்கிய கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், பகுதி பகுதியாக. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, கல் அரிந்து, கட்டிக்கொண்டார்கள். பலர் கடன்பட்டார்கள், அதை மறைக்க முடியாது. ஆனாலும் அத்திவாரம் வெட்டும்போது வாசல் எந்தப் பக்கம் என்று தீர்மானித்தது அந்தக் குடும்பம். கையில் தொழில் பழகிய பெடியளும் அதில் உருவானார்கள்.

பிறகு 65,000 உருக்கு வீடுகளைச் செய்து கொண்டுவந்து பொருத்தும் யோசனை வந்தது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர்களும் எங்கள் சமூக அமைப்புகளும் எதிர்த்துப் பேசினார்கள். இந்த வெக்கைக்கு அது சரிவருமா, உப்புக்காற்றில் எத்தனை வருடம் நிற்கும், அடுப்பு எங்கே, நாளைக்கு ஒரு அறை கூட்டிக் கட்டலாமா, அந்தக் காசில் ஊர் மேசனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார்கள். அந்தத் திட்டம் நினைத்த அளவில் நடக்கவில்லை. படிப்பிப்பவர்கள் வகுப்பறைக்கு வெளியே வந்து பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தோஷி இந்தூரில் கீறிய அரண்யா என்ற குடியிருப்பு எனக்கு மிகப் பிடித்தது. 80,000 பேருக்கு மேல் வாழத் திட்டமிட்டது. ஏழைக் குடும்பத்துக்கு முழு வீட்டைக் கட்டிக் கொடுக்கவில்லை. காணித்துண்டு, அத்திவார மேடை, மலசலகூடம், தண்ணீர் வசதி ஆகியவற்றைக் கொடுத்து, மிச்சத்தைக் கையில் காசு வரும்போது கட்டிக்கொள்ள விட்டார். 1995இல் அதற்கு ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது. எங்கள் ஊரில் எல்லா வீடும் அப்படித்தானே வளர்கிறது? முதலில் கொட்டில், பிறகு ஒரு அறை, பிறகு விறாந்தை. இப்போது கட்டிய வீடுகளுக்குப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அடுத்த அறையை எந்தப் பக்கம் இறக்கினால் நடு அறை இருட்டாகாது? என் அலுவலகத்துக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி இதுதான். அப்புறம் பாடசாலைகள், முன்பள்ளிகள், கோயில் மடங்கள், கூட்டுறவுச் சங்கக் கட்டடங்கள்.

மண்ணால் கட்டச் சொன்னால் சனம் ஏழைவீடு என்று சொல்லாதா?

சொல்லும். யுத்தத்துக்குப் பிறகு தறப்பாளுக்குக் கீழே கிடந்தவர்களுக்குச் சீமெந்துச் சுவர் என்பது மரியாதை. அதை மதிக்கத்தான் வேண்டும், யாரையும் மண் வீட்டுக்குள் தள்ள நான் தயாரில்லை. ஆனால் அழுத்திய மண்கல் வேறு விடயம். மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது. சூளை வேண்டாம், விறகு எரிக்கத் தேவையில்லை, சீமெந்துக் கல்லைவிட மணலும் மிச்சம். வன்னியில் கட்டியும் இருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு கிரிந்த மீனவக் கிராமத்தில் ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஷிகேரு பான் வீடுகள் கட்டியது இந்தக் கல்லால்தான். அவரும் பல்கலைக்கழக ஆசிரியர், 2014இல் பிரிட்ஸ்கர் பெற்றவர். கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாறி பேக்கர் செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினார். கல்லில் நாலில் ஒரு பங்களவு மிச்சம், வெக்கையும் உள்ளே குறைவு. அவர் மேசன்மாரோடு நின்று கட்டிக் காட்டியே படிப்பித்தவர்.

வருமானம்?

தொடக்கச் சம்பளம் குறைவு. சொந்தமாகச் செய்தால் கட்டடச் செலவில் ஒரு வீதம், வேலை நகர நகரப் பகுதியாக வரும். முதல் ஐந்து வருடம் நெருக்கடி. வீட்டைத் தாங்க வேண்டிய பிள்ளை என்றால் இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

உயர்தரம் சரிவரவில்லை. வழி இருக்கிறதா?

இருக்கிறது. வவுனியாத் தொழில்நுட்பக் கல்லூரியும் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு அமைந்த பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன. கட்டடத் துறையிலோ படவரைதலிலோ தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்து, படிப்படியாக டிப்ளோமா வரை போகலாம். நல்ல படவரைஞர் கிடைக்காமல் நான் படும் பாட்டைப் பார்த்தால் உடனே சேர்ந்துவிடுவீர்கள்.

இந்த விடுமுறையில் என்ன செய்யலாம்?

ஒரு கட்டக் கொப்பியும் அளவு நாடாவும் எடுங்கள். உங்கள் வீட்டை அளந்து கீறுங்கள். ஒரு பெரிய சதுரம் ஓரடி. கிணறு, வேலி, மரங்கள், நாய் படுக்கும் இடம் எல்லாவற்றையும் போடுங்கள். பிறகு காலை ஏழு மணி, மத்தியானம் இரண்டு மணி, இரவு எட்டு மணிக்கு வீட்டில் ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று மூன்று நிறப் பென்சிலால் புள்ளி போடுங்கள். அம்மம்மாவிடம் அவருடைய பழைய வீட்டைப் பற்றிக் கேளுங்கள். குந்து எவ்வளவு உயரம், எதனால் வேய்ந்தது, தீராந்தி என்ன மரம், பாலையா முதிரையா என்று. அந்த வீடு இன்று இல்லாவிட்டாலும் அவர் சொல்லச் சொல்லக் கீறுங்கள். உளச்சார்புப் பரீட்சைக்கு முதல் நாள் அந்தக் கொப்பியை ஒருக்கால் திறந்து பாருங்கள். நான் பாடசாலைக்கு வரும் நாளில் கொண்டுவந்தால் நானும் பார்ப்பேன்.